மில்லிங் மிஷினில் அலுமினியம்–மெக்னீசியம் வெல்டிங்

திருவொற்றியூர்ப் பட்டறைகளில் 6061 அலுமினியத்தையும் ஏஇசட்31 மெக்னீசியத்தையும் நீட்டி டிக் வெல்டிங் (மின்வில்லால் உருக்கிச் சேர்ப்பது) கேட்டால், அனுபவசாலி வேண்டாம் என்பார். சேர்ந்து உருகினால் இடையில் உருவாகும் கூட்டுப்பொருள் தட்டினாலே நொறுங்கும். அதனால் உருக்காமல், சுழலும் கருவியால் பிசைந்து சேர்க்கும் ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். 1991இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறை. டரெட் மில்லிங் மிஷின் ஓட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

3 மி.மீ. தகட்டுக்கு ஹார்டன் செய்த எச்13 டூல் ஸ்டீல் கருவி: ஷோல்டர் (தகட்டின் மேல் அழுந்தும் தோள்) 12 மி.மீ., பின் (தகட்டுக்குள் இறங்கும் முனை) விட்டம் 4, நீளம் 2.8. பின்னில் இடது மரை போடுங்கள். கடிகாரச் சுற்றில் அதுதான் உலோகத்தைக் கீழே தள்ளும். சிலர் எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) துண்டைத் தீட்டிச் செய்கிறார்கள். சட்டென்று ஒடியும், எனக்குப் பிடிக்காது.

விளிம்புகளை எமரி தேய்த்து அசிடோனால் துடையுங்கள். அடியில் ஸ்டீல் பிளேட், மேலே கிளாம்ப், பக்கவாட்டில் ஸ்டாப்பர். பின் இறங்கும்போது தகடுகள் விலகப் பார்க்கும்.

அடுத்து, எது எந்தப் பக்கம்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மெக்னீசியம், கருவியின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் இருக்கும் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் மில்லிங்கில் நகர்வது பெட் (தகட்டைப் பிடித்திருக்கும் மேசை), கருவியல்ல. பெட் இடப்பக்கம் போனால், தகட்டைப் பொறுத்துக் கருவி வலப்பக்கம் போகிறது. ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றினால், மிஷினின் காலம் (பின்புறத் தூண்) பக்கம் மெக்னீசியம்; உங்கள் பக்கம் அலுமினியம். பின்னையும் மூட்டிலிருந்து 1 மி.மீ. அளவுக்கு மெக்னீசியத்துக்குள் தள்ளிவையுங்கள். ஹெட்டை 2–3 டிகிரி சாய்த்து, ஷோல்டரின் பின்விளிம்பு, அதாவது இடது விளிம்பு, தாழ்ந்திருக்கச் செய்யுங்கள்.

பக்கம் பார்த்து வைப்பதும் பின்னைத் தள்ளிவைப்பதும் சூட்டைக் குறைக்கத்தான். தூய மெக்னீசியம் 650 டிகிரியிலும் தூய அலுமினியம் 660 டிகிரியிலும் உருகும்; ஆனால் இரண்டும் கலந்த இடத்தில் 437 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். தொடக்கத்துக்கு 800 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 50 மி.மீ. நகர்வு போதும்.

பின்சேர்க்கை: நடுவில் நீளவாக்கில் விரிசல் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதலில் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். வெட்டிப் பார்த்து உள்ளே குகை தெரிந்தால், ஷோல்டர் சரியாக அழுந்தவில்லை.

இன்னொருவர் எண்ணூர்க்காரர், மழைக்குப் பிறகு மூட்டோரம் வெள்ளைப் பொடி என்றார். உப்புக்காற்றில் மெக்னீசியம்தான் முதலில் அரிக்கும். மூட்டைத் தாண்டி இரு பக்கமும் பிரைமர் அடியுங்கள். அப்புறம், மெக்னீசியத் துகள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பும். காய்ந்த மணல் வாளி மிஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.