கப்பலில் பி.எஸ்.சி. சோதனை: முதல் முறை கப்பலேறும் நீலகிரிப் பிள்ளைகள் என்னென்ன பார்க்க வேண்டும்?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து கேடட்டாகவோ (பயிற்சி அதிகாரி) ஜி.பி. ரேட்டிங்காகவோ (பொதுப்பணி மாலுமி) கிளம்புகிறவர்களுக்கு இது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் அந்நாட்டு அதிகாரிகள் கப்பலேறிச் செய்யும் சோதனைதான் பி.எஸ்.சி. (போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல்). அதில் எழுதப்படும் குறைகளில் பல, யாராவது ஒருமுறை இழுத்தோ திருகியோ பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

படி 1: மலையிறங்கும் முன்

மாலுமிகளின் சான்றிதழ்களும் சோதனையில் உண்டு. மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டுக்குத்தான் செல்லும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு 1 ஆண்டு. ஒப்பந்தம் முடியும் நாள்வரை எல்லாத் தாளும் செல்லுமா என்று வீட்டிலேயே பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் சி.டி.சி.யில் (மாலுமியின் கடற்பணி ஏடு) வெறும் இனிஷியலாகவும் இருந்தால் இப்போதே திருத்துங்கள். சென்னை போனபின் தெரிந்தால் திரும்ப மேட்டுப்பாளையம் வந்து மலையேற வேண்டியதுதான்.

படி 2: தீத்தடுப்புக் கதவு, டேம்பர்

கதவை முழுதாகத் திறந்து கையை விடுங்கள். தானே மூடி, தாழும் விழ வேண்டும். நடமாட வசதியாக இருக்கட்டும் என்று கயிறு கட்டி நிறுத்தியிருந்தால் அதுவே குறை. டேம்பரை (தீயின்போது காற்றுக் குழாயை மூடும் தகடு) பார்க்க இருவர் வேண்டும்: ஒருவர் கைப்பிடியைத் திருப்ப, மற்றவர் உள்ளே தகட்டைப் பார்க்க வேண்டும். கைப்பிடி ‘மூடியது’ என்று காட்டும்; தகடு துருவேறி அசையாமல் நிற்கும்.

படி 3: லைஃப்ராஃப்ட் (காற்று நிரம்பி விரியும் உயிர்காப்பு மிதவை)

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. கப்பல் மூழ்கினால், 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தில் ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஸ் வேலை செய்து, ராஃப்டைக் கட்டிய பட்டையை விடுவிக்கும். ராஃப்ட் மேலே மிதக்கும்போது, அதைக் கப்பலோடு இணைக்கும் பெயிண்டர் கயிறு இழுபட்டு, அது காற்று நிரம்பி விரியும். பிறகு வீக் லிங்க் (இழுத்தால் அறுவதற்கென்றே வைத்த பலவீனமான இணைப்பு) அறுந்து கப்பலை விட்டுப் பிரியும். பெயிண்டரை வீக் லிங்கில் மாட்டாமல் நேரே தளத்து வளையத்தில் ஷேக்கிள் போட்டிருந்தால், விரிந்த ராஃப்டையும் கப்பல் கீழே இழுத்துப் போகும். கட்டியிருப்பதைக் கண்ணால் தொடர்ந்து கடைசி முனைவரை போங்கள். தூக்கியெறியும் வகை ரிலீஸுக்கு ஆயுள் வழக்கமாக 2 ஆண்டு. அதன் மேலுள்ள தேதியையும் பாருங்கள்.

படி 4: லைஃப்போட் இன்ஜின்

ஊட்டியில் உறைபனி விழுந்த காலை ஜீப் படுத்தும் பாடு தெரியும்தானே? இந்த இன்ஜின் மைனஸ் 15 டிகிரியிலும் 2 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும் என்பது விதி. இரண்டு பேட்டரியிலும் தனித்தனியே ஸ்டார்ட் செய்து பாருங்கள்; ஒன்று செத்திருப்பது சகஜம். வாரம் ஒருமுறை குறைந்தது 3 நிமிடம் ஓட வேண்டும். படகைக் கொக்கியிலிருந்து விடுவிக்கும் ஹூக் ரிலீஸ் லீவரை மட்டும் அதிகாரி சொல்லாமல் தொடாதீர்கள். படகு விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

படி 5: எமர்ஜென்சி பம்பும் ஜெனரேட்டரும்

தீயணைக்கும் எமர்ஜென்சி பம்பை ஓட்டி இரண்டு ஹோஸில் ஒரே நேரம் தண்ணீர் விடுங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் முதல் சந்தேகம் உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு. எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் மின்சாரம் தர வேண்டும். இரண்டாவது ஸ்டார்ட்டிங் முறையையும் இன்ஜினியரோடு நின்று பாருங்கள்.

படி 6: ஓய்வுநேரப் பதிவு

24 மணி நேரத்தில் 10, 7 நாளில் 77 மணி நேரம் குறைந்தபட்ச ஓய்வு. துறைமுகம் நுழைந்த இரவு எல்லோரும் தூங்கியதாக எழுதியிருந்தால், கப்பலைக் கரையோடு கயிற்றால் கட்டியது யார் என்று அதிகாரி கேட்பார்.

சோதனை அறிக்கையில் ஒரு குறைக்கு எதிரே 17 என்ற எண் வந்தால் அதைப் புறப்படுமுன் சரிசெய்ய வேண்டும். 30 என்றால் கப்பலே நிறுத்தம். பழுது கண்டால் அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். கரை சேருமுன்பே துறைமுகத்துக்குத் தெரிவித்து, உதிரிபாகத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் கேப்டனுக்குப் பேச இடம் இருக்கும்.