ஒரு கோளின் நாளையும் ஆண்டையும் கணக்கிடும் முறை

ஒரு கோளின் நாளையும் ஆண்டையும் கணக்கிட இரண்டு எண்கள் போதும்: அது தன் அச்சில் ஒருமுறை சுழல எடுத்துக்கொள்ளும் காலம், சூரியனை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம். இரண்டாவது எண்ணே அக்கோளின் ஆண்டு. அது தெரியாவிட்டாலும், சூரியனிலிருந்து அக்கோளின் சராசரித் தொலைவு பூமியின் தொலைவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த எண்ணை மூன்றுமுறை பெருக்கிக் கிடைக்கும் கனத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஆண்டு கிடைத்துவிடும். செவ்வாய்க்கு அது 1.524 மடங்கு, கணக்கிட்டால் 1.88 பூமி ஆண்டுகள் வரும்.

முதல் எண்ணை அப்படியே நாள் என்று எழுதிவிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். காரணம் புரிய, அறையின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, முகத்தை அதன் பக்கமே வைத்தபடி, பக்கவாட்டில் அடியெடுத்து அதை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாற்காலி உங்கள் முதுகை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. ஆனால் உங்கள் கண்ணெதிரே நான்கு சுவர்களும் வரிசையாக வந்து போயிருக்கும். சுவர்களை விண்மீன்கள் என்று கொண்டால் நீங்கள் ஒருமுறை சுழன்றிருக்கிறீர்கள். நாற்காலியைச் சூரியன் என்று கொண்டால் ஒரு விடியலைக்கூடக் காணவில்லை. பூமியும் இவ்வாறே ஆண்டுக்கு ஏறத்தாழ 366.24 முறை சுழன்றும், 365.24 நாள்களையே பெறுகிறது. அதன் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதற்குள் பூமி தன் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், மீண்டும் சூரியனுக்கு நேராக வர மேலும் நான்கு நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது.

ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியல் வரையிலான நாளுக்குக் கணக்கு இதுதான்: சுழற்சிக் காலத்தையும் ஆண்டையும் பெருக்கி, ஆண்டிலிருந்து சுழற்சிக் காலத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலகில் எழுதிக்கொள்வது அவசியம். ஒன்றை மணியிலும் மற்றதை நாளிலும் வைத்துக்கொண்டு நானே ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

புதனுக்குச் சுழற்சி 58.65 பூமி நாள்கள், ஆண்டு 87.97 நாள்கள். பெருக்கினால் 5159.4, கழித்தால் 29.32, வகுத்தால் 176 நாள்கள். அதாவது, அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன! புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1965இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் செய்த ரேடார் அளவீடுதான் அதைத் திருத்தியது.

வெள்ளி பின்னோக்கி, அதாவது சூரியனைச் சுற்றும் திசைக்கு எதிராக, சுழல்வதால், அதற்குக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். 243.02 (சுழற்சி), 224.70 (ஆண்டு) என்னும் எண்களைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையான 467.72ஆல் வகுத்தால் ஏறத்தாழ 117 நாள்கள் வரும். ஆகவே, வெள்ளியின் நாள் அதன் ஆண்டைவிட நீளமானது என்று அடிக்கடி படிப்பது சுழற்சிக்குத்தான் பொருந்தும், பகலிரவுக்குப் பொருந்தாது.

இவ்வாறு கிடைப்பது சராசரி மட்டுமே. புதனின் பாதை நன்கு நீள்வட்டமாக இருப்பதால், சூரியனை மிக நெருங்கும் சில நாள்களில் அதன் சுற்றும் வேகம் சுழலும் வேகத்தை விஞ்சிவிடுகிறது. அப்போது அங்கே சூரியன் வானில் நின்று, சற்றே பின்வாங்கி, பிறகு மறுபடியும் மேற்கே நகரத் தொடங்கும்.