629001: ஒரு பின்கோடைக் காரணிப்படுத்தும் முறை

நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடான 629001-ஐ ஒரு முழு எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பண்புகளைக் காகிதமும் பேனாவும் கொண்டே கண்டறியும் வழியை இங்கே விளக்குகிறேன். கணிப்பொறி நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் எந்த எண்ணால் வகுக்க வேண்டும், எதை வகுக்காமலே விலக்கலாம் என்ற தெளிவு கையால் செய்யும்போதுதான் பிறக்கிறது.

காரணிகளைத் தேட எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 793-இன் வர்க்கம் 628849, 794-இன் வர்க்கம் 630436 என்பதால், 793 வரையுள்ள 138 பகா எண்களையும் சோதிக்க வேண்டியிருக்குமோ என்று முதலில் தோன்றும். எனவே எளிய சோதனையிலிருந்து தொடங்குங்கள். கடைசி இலக்கம் 1 ஆதலால் 2, 5 இரண்டும் விலகும். இலக்கங்களின் கூடுதல் 18. ஆகவே எண் 9-ஆல் வகுபடும், ஈவு 69889. இதன் இலக்கக் கூடுதல் 40 என்பதால் 3 மீண்டும் வராது. இனி 69889-இன் வர்க்கமூலத்தை ஒட்டிய 264 வரை பார்த்தால் போதும்.

7, 11, 13 மூன்றின் பெருக்கற்பலன் 1001. ஆகவே எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து வித்தியாசம் கண்டால், மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். 629-இலிருந்து 001-ஐக் கழித்தால் வரும் 628, இம்மூன்றில் எதனாலும் வகுபடாது. குளச்சலின் 629251-க்கு இதையே செய்தால் 378 வரும்; அது 7-இன் மடங்கு, அந்தப் பின்கோடும் அவ்வாறே. நம் மாவட்டத்துப் பின்கோடுகளின் தொடக்கமான 629 என்பது 17 × 37. எனவே 629001-ஐ இவ்விரண்டாலும் வகுத்தால் மீதி 1 என்பது பார்த்தவுடனே தெரியும்.

எஞ்சிய 19, 23, 29, 31, 41, 43 ஆகியவற்றால் 69889-ஐ வகுத்தால் மீதி வருகிறது. 47-ஆல் வகுக்கும்போது மீதியின்றி 1487 கிடைக்கிறது. இதற்கு மேல் வகுத்தல் தேவையில்லை என்பதே இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1487-இன் வர்க்கமூலம் 39-க்கும் குறைவு. 37 வரையுள்ள பகா எண்களை எல்லாம் ஏற்கெனவே விலக்கிவிட்டோம். ஆகவே 1487 பகா எண்ணே.

629001 = 3² × 47 × 1487

அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால், 3 × 2 × 2, அதாவது 12 வகுஎண்கள். அவற்றின் கூடுதல் (1 + 3 + 9) × (1 + 47) × (1 + 1487), அதாவது 13 × 48 × 1488 = 928512. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 299511. இது எண்ணைவிடச் சிறியதாதலால் 629001 செவ்விய எண் (தன்னை நீக்கிய வகுஎண்களின் கூடுதலுக்குச் சமமான எண்) அன்று.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத, காரணிகளை 423 × 1487 என இணைத்து, அவற்றின் கூடுதலிலும் வித்தியாசத்திலும் பாதியை எடுங்கள்: 955² − 532². இரு வர்க்கங்களின் கூடுதலாகவோ எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் முடியும் என்று தோன்றலாம். ஆனால் 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணி எதுவும் இரட்டைப்படை அடுக்கில்தான் இருக்க வேண்டும். 3 அவ்வாறு இருக்கிறது. ஆனால் அதே மீதி 3 தரும் 47-உம் 1487-உம் ஒரே ஒரு முறை வருகின்றன.