வன்னியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயரும் ரிம்மும் தெரிவு செய்வது எப்படி?

ஏ9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டி ஓடும்போது எந்த டயரும் நல்ல டயர்தான். காபட் போட்ட வீதி, நேராகக் கிடக்கிறது. அதை விட்டு உள்வீதிக்குத் திரும்பினால்தான் டயரின் குணம் தெரியும். கிரவல் கற்கள், மாரி வெள்ளம் அரித்துக் கூராக்கிவிட்ட தார் விளிம்பு, குளக்கட்டு வீதியில் மழைக்குப் பிறகு புதிதாக முளைத்த பள்ளம், காலபோக அறுவடை முடிந்ததும் பாதி வீதியில் காயும் நெல்லும் அதைக் காக்க வரிசையாக வைத்த கற்களும். இவ்வளவும் ஒரே பயணத்தில் வரும்.

இந்த வீதிகளில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு முதலில் வரும் ஆசை ரிம்மைப் பெரிதாக்குவது. நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. கம்பனி போட்ட அளவிலேயே நில்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஓர் அங்குலம் கீழே இறங்குங்கள். ரிம்மில் மிச்சப்படும் பணத்தை டயரில் போடுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்குப் போட ஓர் உதாரணக் கார் வேண்டும் என்பதால், 2017 இல் வெளிவந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறு காராக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

1. கதவைத் திறந்து ஸ்டிக்கரை வாசியுங்கள்

இப்போது சில்லில் பூட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஓடிய கார்களில் பல கைமாறிக் கைமாறி ஓடியவை. உங்களிடம் வந்து சேரும்போது அதில் இருப்பது முந்திய உரிமையாளரின் விருப்பமாக இருக்கலாம்.

சாரதி பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த காரென்றால் எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்கும். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். டயர் அளவும், முன்சில்லு பின்சில்லுகளுக்கு வேண்டிய காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன. அழுத்தம் கிலோ பாஸ்கலில் எழுதியிருந்தால், 100 கிலோ பாஸ்கல் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஆகவே 220 என்றால் 32, 250 என்றால் 36. அந்த ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் பிரியுங்கள்

நமது உதாரணக் காரின் கம்பனி அளவு 195/45 ஆர்17 81டபிள்யூ.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம். இது மில்லிமீற்றர் அல்ல, அகலத்தின் 45 சதவீதம், அதாவது 87.75 மில்லிமீற்றர். தொடக்கக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அகலம் மாறினால் அதே 45 வேறு உயரத்தைத் தரும். ஆர் என்பது ரேடியல், அதாவது உள்நூல் டயருக்கு நேர்க்குறுக்காக ஓடும் அமைப்பு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

81 என்பது சுமை எண். ஒரு டயர் 462 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. இந்த எண்ணில் கம்பனி அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். கடைசி எழுத்து வேக எல்லை: எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. நமது நாட்டில் ஊர்களுக்கு வெளியே கார்களுக்கு 70 தான் எல்லை, பிறகு எதற்கு இது என்று கேட்பீர்கள். உயர்ந்த எழுத்துள்ள டயர் வெப்பத்தை நன்றாகத் தாங்கும்படி கட்டப்பட்டது. காரின் சஸ்பென்சனும் அந்த டயரின் விறைப்பை நம்பித்தான் அமைக்கப்பட்டது. கம்பனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். அதைவிட மேலே ஏறிப் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

3. மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்

பக்கச்சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தை மில்லிமீற்றராக்கிக் கூட்டுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர்.

87.75 × 2 = 175.5
17 × 25.4 = 431.8
மொத்தம் 607.3 மில்லிமீற்றர்

இதுதான் உங்கள் அடிப்படை எண். புதிதாக யோசிக்கும் எந்த அளவையும் இதோடு ஒப்பிடுங்கள். மூன்று சதவீதம் வரை கூடிக் குறையலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டுக்குள் நிற்பதுதான் நல்லது என்பது என் கருத்து. முழுக் குடும்பமும் ஏறி, பின்னால் ஒரு மூட்டை அரிசியும் வைத்துப் பள்ளத்தில் விழும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசக் கூடாதல்லவா?

சிலர் 215/40 ஆர்18 போடுகிறார்கள். அதன் விட்டம் 629.2. கூடுதல் 3.6 சதவீதம். வேகமானியின் முள் 70 இல் நிற்கும்போது கார் அது காட்டுவதைவிடக் கூடுதலாக ஓடும். கியர் விகிதமும் நீண்டுவிட்டதுபோல் ஆகி, காரின் சுறுசுறுப்பு குறைகிறது. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி அதை மந்தமாக்குவதற்குப் பணமும் கொடுக்கிறோம்.

4. மேலேயா, கீழேயா?

கணக்குப்படி சரியாகப் பொருந்தும் 18 அங்குல அளவும் இருக்கிறது: 215/35 ஆர்18. விட்டம் 607.7. கம்பனி அளவுக்கு மயிரிழை வித்தியாசம். கடையில் இதைத்தான் காட்டுவார்கள். கணக்கில் தவறும் சொல்ல முடியாது. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். 75 மில்லிமீற்றர்தான்.

கீழே இறங்கினால் 195/50 ஆர்16. விட்டம் 601.4, ஒரு சதவீதம் குறைவு. பக்கச்சுவர் 97.5 மில்லிமீற்றர். இது யாரோ கண்டுபிடித்த விநோத அளவல்ல. முந்திய தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்று இதே அளவில்தான் வந்தது. 205/50 ஆர்16 என்றால் 611.4; பக்கச்சுவர் 102.5.

18 இற்கும் 16 இற்கும் இடையில் பக்கச்சுவரில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம். அந்த இரண்டு சென்ரிமீற்றர் ரப்பரும் காற்றும்தான் கூரிய பள்ள விளிம்புக்கும் அலோய் ரிம்முக்கும் நடுவில் நிற்கின்றன. அது போதாதபோது பள்ளத்தின் விளிம்பும் ரிம்மும் டயரை இரண்டு பக்கமும் இறுக்கி நசுக்கும்; உள்ளே இருக்கும் நூல் அறும்; மறுநாள் பக்கச்சுவரில் முட்டைபோல ஒரு வீக்கம் தெரியும். அந்த டயரை ஒட்ட முடியாது, எறியத்தான் வேண்டும். ரிம்மும் வளைந்திருந்தால் செலவு இரட்டிப்பு. 16 அங்குல ரிம் பெரும்பாலும் எடையும் குறைந்தது. சில்லின் எடை குறைந்தால் மேடுபள்ளத்தில் சஸ்பென்சன் அதைச் சீக்கிரம் அடக்கும். 16 அங்குல டயரின் விலையும் பொதுவாகக் குறைவு, தெரிவும் அதிகம்.

இழப்பது என்ன? திருப்பத்தில் ஸ்டியரிங்கின் உடனடிப் பதில் சற்று மந்தமாகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஓடிப் பார்த்தால் அந்த மந்தத்தை உணரும் திருப்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் பிரேக் பெரிது. சிறிய ரிம் பிரேக் கலிப்பரில் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகத்தில்) முட்டாமல் இருக்கிறதா என்று, டயர் போடுவதற்கு முன் வெறும் ரிம்மைப் பூட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். விட்டம் போதுமானதாக இருந்தும் ரிம்மின் ஆரக்கால்களின் வளைவு முட்டுவது உண்டு.

5. ரிம் வாங்கும்போது கேட்க வேண்டிய எண்கள்

"ஸ்விஃப்டுக்குப் பொருந்தும்" என்று கடைக்கார அண்ணை சொன்னால், எந்த ஸ்விஃப்டுக்கு என்று கேளுங்கள். சாதாரண ஸ்விஃப்டுக்குப் பெரும்பாலும் நான்கு நட். துளைகள் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். ஸ்போர்ட்டுக்கு ஐந்து நட், 114.3 மில்லிமீற்றர். ஒன்றின் ரிம் மற்றதில் ஏறாது.

அடுத்தது நடுத்துளை. ஸ்போர்ட்டின் ஹப், அதாவது ரிம் உட்காரும் நடுப்பகுதி, 60.1 மில்லிமீற்றர். ரிம்மின் துளை இதைவிடச் சிறிதென்றால் பொருந்தாது. பெரிதென்றால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ரிம் நடுவில் உட்காராமல் வேகத்தில் அதிரும். வளையத்தின் விலை அற்பம். போடாமல் விடுபவர்கள்தான் பலன்சிங் (சில்லின் எடைச் சமநிலை) சரியில்லை என்று கடை கடையாக அலைகிறார்கள்.

பிறகு ஓஃப்செற். இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள். ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு கீறுங்கள். ஹப்பில் பதியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே ஓஃப்செற். இந்த எண் குறையக் குறையச் சில்லு காருக்கு வெளியே தள்ளும். நமது காரின் ரிம் 6.5 அங்குல அகலம், ஓஃப்செற் 50. அதற்குப் பதிலாக 7.5 அங்குலம், ஓஃப்செற் 40 வாங்கினால் என்ன ஆகும்? அகலம் ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மில்லிமீற்றர். ஓஃப்செற் 10 குறைந்ததால் வெளிப்பக்கம் 22.7 மில்லிமீற்றர் வெளியே போகும், உட்பக்கம் 2.7 தான் உள்ளே போகும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் கிரவல் வீதியில் மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் கற்களையும் சேற்றையும் காரின் பக்கமெல்லாம் அள்ளி வீசும். பெயிண்டின் கீழ்ப்பகுதி ஒரே மாரியில் புள்ளி விழும். சில்லு சுழலும் பெயரிங்குக்கும் சுமை கூடும். கம்பனி எண்ணிலிருந்து ஐந்து, பத்துக்கு மேல் விலகாமல் இருப்பதே புத்தி.

நட்டையும் மறக்காதீர்கள். சுசுகிக்கு 12 மில்லிமீற்றர் ஆணியில் புரி இடைவெளி 1.25. டொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசிக்குப் பெரும்பாலும் 1.5. மாறிப் பூட்டினால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு புரியைத் தின்னும். ஹொண்டாவின் கம்பனி நட் அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட் வேண்டும்.

6. டயரைத் தெரிவு செய்தல்

ஆண்டில் பெரும்பகுதி வெயில். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. நமக்குத் தேவை ஈரத்தில் பிடிக்கும் டயர். அகலமான பள்ளக்கோடுகள் குறைந்தது நான்கு நீளவாட்டில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். வீதியில் நீர் தேங்கியிருக்கும்போது அகன்ற டயர் மிதந்துவிடும் வாய்ப்பு கூடுதல் என்பதும் ரிம்மைப் பெரிதாக்காமல் இருக்க இன்னொரு காரணம். பந்தய ஓட்டத்துக்கென்று செய்த மென்மையான டயர்கள் பக்கம் போகாதீர்கள். சில டயர்களில் தேய்மான எண் பொறித்திருக்கும். 200 என்றால் பிடி அதிகம், ஆயுள் குறைவு. 300 இற்கு மேற்பட்டவை தினமும் ஓடுபவருக்கு ஏற்றவை.

தயாரித்த திகதி பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். புதிது என்று விற்கும் டயரிலும் இதைப் பாருங்கள்.

பாவித்த டயர் வாங்க வேண்டிய நிலை பலருக்கு உண்டு. அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டயர்களில் பனிக்கால டயர்களும் கலந்திருக்கும். பூக்கள் தேயாமல் அழகாக இருக்கும், நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் மெத்தென்றிருக்கும். பக்கச்சுவரில் மலையும் பனிப்படிகமும் பொறித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கிளிநொச்சி வெயிலில் அந்த ரப்பர் இளகிக் கரையும். மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். மற்றப்படி பக்கச்சுவரில் வெடிப்பு, உட்புறத்தில் ஒட்டுப் போட்ட அடையாளம் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர்தான், அது முடிந்த டயர்.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிந்தால் ஒரே அச்சுக்குச் சோடியாக, அதுவும் பின்னால் போடுங்கள். முன்சில்லு இழுக்கும் காருக்கும் இதுதான். ஈர வீதியில் பின்பக்கம் வழுக்கினால் அனுபவம் இல்லாதவரால் காரை மீட்க முடியாது.

7. பூட்டும் நாள்

உயரம் குறைந்த பக்கச்சுவருள்ள டயரை இரும்புக் கம்பி போட்டு நெம்பும் கடையில் கொடுக்காதீர்கள். உழவு இயந்திர டயருக்கு அது சரி. அலோய் ரிம்மின் உதடு தாங்காது. கழற்றும் இயந்திரம் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். வால்வையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அம்புக்குறி உள்ள டயரென்றால் அது முன்னோக்கிச் சுற்ற வேண்டும். வெளிப்பக்கம் என்று பொறித்திருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். பிறகு பலன்சிங், அதன்பின் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்தல்).

காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் அளவுங்கள். மத்தியான வெயிலில் ஓடி வந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துத் திறந்து விட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். எக்ஸ்.எல். (கூடுதல் சுமைக்கெனக் கட்டியது) என்று பொறித்த டயரென்றால், அதே சுமைக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் வேண்டும். எவ்வளவு என்று கடையில் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும். வவுனியாவுக்கு ஒருமுறை போனால் அந்தத் தூரம் வந்துவிடும்.

ஸ்பெயர் சில்லை இப்போதே திறந்து பாருங்கள். ஜப்பானில் விற்ற பல கார்களில் அது கிடையாது. ஒட்டும் திரவப் போத்தலும் சிறு பம்பும் மட்டும் இருக்கும். திரவத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. முள் குத்தினால் அது உதவும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் இரவில் அப்படி நின்றால் காத்திருப்பது நீண்டதாக இருக்கும். ஆகவே பழைய ரிம்களில் நல்லது ஒன்றை விற்காமல் வைத்து, மற்றச் சில்லுகளின் அதே மொத்த விட்டமுள்ள டயர் போட்டு, ஒரு ஜக்கோடும் பழைய நட்டுகளோடும் பின்னால் ஏற்றிவிடுங்கள். புது ரிம்மின் நட் பழைய ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம்.