மேளத்தோடு மலை தாண்டும்போது: வாசிப்பும் கெடாமல், உறவும் விட்டுப்போகாமல்

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை, இன்று கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவும் புனலூரும் எங்கள் பகுதியினருக்கு அயல் மாநிலமாக இருந்ததில்லை. அந்தக் காலத்தில் பெண் கொடுத்தும் எடுத்தும் வளர்ந்த உறவு இன்றும் மலைக்கு இரு புறமும் இருக்கிறது. ஆகவே அப்பா நாதஸ்வரம், சித்தப்பா தவில், பிள்ளைகள் தாளமும் சுருதிப்பெட்டியும் என்று ஒரே வீட்டாராகக் கொல்லம் பக்கம் உற்சவத்துக்கு வாசிக்கப் போகிறவர்கள், வழியில் இருக்கும் அத்தை வீட்டையும் ஆச்சி வீட்டையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவது முறையாகாது. ஆனால் உறவு பார்க்கப் போய் வாசிப்பைக் கெடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அந்தக் கோவிலிலிருந்து அழைப்பு வராது.

முதலில் நாள் கணக்கு. கேரளக் கோவில் உற்சவங்கள் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை, அவர்கள் கணக்கில் மகரம் முதல் மேடம் வரை, நடக்கின்றன. நட்சத்திரத்தைக் கொண்டு நாள் முடிவாவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். எனவே அச்சாரம் வாங்கும்போதே உற்சவம் தொடங்கும் கொடியேற்று எந்த நாள், சுவாமி நீராடி உற்சவம் முடியும் ஆறாட்டு எந்த நாள் என்பதைக் கேட்டு, மலையாளத் தேதியையும் ஆங்கிலத் தேதியையும் நோட்டில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தங்க வருவதாக உறவினரிடம் சொல்ல வேண்டியது ஆறாட்டுக்கு மறுநாளை மட்டுமே. போகும்போது ஒரு வேளைச் சாப்பாடு, திரும்பும்போது ஒரு இரவு தங்கல் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இடைப்பட்ட நாட்களில் எவ்வளவு அன்பாக அழைத்தாலும் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விடியுமுன் சுவாமியைத் துயிலெழுப்பும் பள்ளியுணர்த்தலுக்கு எழுந்து, சுவாமி வலம்வரும் இரவுச் சீவேலி முடித்துப் படுக்கிறவர்களுக்குப் பகலில் கிடைக்கும் உறக்கம்தான் மறுநாள் வாசிக்க மூச்சைத் தருகிறது.

வாடகை வண்டி என்றால், கேரளத்துக்குள் நுழைய வேண்டிய அனுமதியையும் வரியையும் ஓட்டுநர் கட்டிவிட்டாரா என்று எல்லையிலுள்ள புளியரை தாண்டுமுன் கேட்டுவிடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது வாத்தியத்துக்கு. மலைக்கு அந்தப் பக்கம் காற்றில் ஈரம் கூடுதல்; கோடை மழையும் அடிக்கடி பெய்யும். தவிலின் தோல் தளரும், நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி ஊறும். ஒரு பங்குனியில் தென்மலை தாண்டும்போது மழை பிடித்துப் பை நனைந்து, எட்டுச் சீவாளிகளும் வாய் விரிந்துவிட்டன. புனலூரில் அத்தை ஒன்றும் பேசாமல் அவற்றை வாங்கி, மெல்லிய வேட்டித் துணியில் பொதிந்து, அரிசிப் பானைக்குள் செருகி வைத்தார். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்தபோது மூன்று பேசின. அந்த மூன்றைக் கொண்டே அன்றைய சீவேலிக்குச் சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி வாசித்தோம். அதன் பிறகு வாத்தியத்தில் தொங்கும் சீவாளிக் கொத்து போக, தனியாக ஒரு கொத்தை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்கிறோம். தவில்காரரின் விரல் கூடுகளுக்கும் தனி டப்பா வேண்டும். உறவு வீட்டுக் குழந்தைகள் அவற்றை விரலில் மாட்டி விளையாட ஆசைப்படுவார்கள். பழைய கூடுகள் நான்கைந்தை அவர்களுக்கென்றே கொண்டுபோனால், நல்லவை நசுங்காமல் தப்பும்.

கோவிலுக்குள் ஆண்கள் வேட்டி மட்டும் உடுத்தி மேல் சட்டையின்றிப் போக வேண்டும் என்பதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பமே செட்டாக இருப்பதால், பங்காளி வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் ஒருவர் மட்டுமல்ல, மேளம் முழுவதுமே நின்றுபோகும். அப்படி ஒரு நிலை வந்தால் நமக்குப் பதிலாக வர இசைந்த வேறொரு செட்டாரின் எண்ணைக் கோவில் பொறுப்பாளரிடம் முன்பே கொடுத்து வையுங்கள். நேர்ந்த செய்தியை மறைத்து வாசிப்பது பெரும் பிழை.

தங்கும் வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். தயங்காமல் வாசியுங்கள். எழுந்து கோவிலுக்கு வர முடியாத ஆச்சிக்கு அதுதான் உற்சவம். சிறிய வீட்டில் தவில் காதை அடைக்கும் என்பதால், சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு ராகமும் ஒரு கீர்த்தனையும் போதும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனை என்றால் அக்கம்பக்கத்தாரும் வந்து நிற்பார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கக் கேட்டால், அது மொய்யா சம்பளமா என்பதை அப்போதே பேசி முடியுங்கள். மொய் என்றால் சம்பளம் விடுவது பெரியவர்களோடு நிற்கட்டும். தாளம் போடும் பிள்ளையின் பங்கை நம் கையிலிருந்தாவது கொடுத்துவிட வேண்டும்.

புறப்படும்போது ஒரு வேலையை உறவினரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டின் உற்சவ நோட்டீஸ் முதலில் வந்து சேர்வது அந்த ஊர் வீடுகளுக்குத்தான். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், நமக்கு ஆறாட்டு நாள் தெரியும். அவர்களும் அந்த மறுநாளை நமக்கென்று ஒதுக்கி வைப்பார்கள்.