ஜப்பான் பயணம்: எந்த மாதத்துக்கு எந்தப் பெட்டி

செட்டிநாட்டுப் பழைய வீடுகள் சிலவற்றில், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூவேலைப்பாட்டு ஓடுகள் இன்றும் சுவரில் பளபளத்துக்கொண்டிருக்கின்றன. ஓடுகள் வந்த திசைக்கு இப்போது நாம் போகிறோம். பிள்ளைகள் டோக்கியோவிலும் ஓசாகாவிலும் வேலை பார்க்கிறார்கள், பேரப்பிள்ளை பிறந்தால் ஆச்சிமார் மூன்று மாதம் தங்கிவிட்டு வருகிறார்கள். புறப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது "அங்கே குளிருமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நேர் விடை கிடையாது; எந்த மாதம், எந்த ஊர் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பெட்டியில் எதை வைப்பது என்று சொல்ல முடியும். வடக்கே ஹொக்கைடோவிலிருந்து தெற்கே ஒகினாவா வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாடு அது. ஜனவரியில் சப்போரோவில் உச்சிப் பொழுதிலும் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். அதே நாளில் ஒகினாவாவின் நாஹா நகரில் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு கடைத்தெருவில் நடக்கலாம்.

என் மகள் ஓசாகாவில் இருப்பதால் நான்கு பருவங்களிலும் அங்கே தங்கிப் பார்த்திருக்கிறேன். முதல் பயணம் தை மாதத்தில். சென்னைக்குப் போய், கடையில் இருந்தவற்றுள் மிகக் கனமான கோட்டாகப் பார்த்து வாங்கினேன். அது பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ரயிலில் இருக்கைக்கு அடியிலிருந்தே சூடு வருகிறது, கடைகளும் வீடுகளும் கதகதப்பாக இருக்கின்றன என்பது. ரயிலுக்குள் கோட்டோடு உட்கார்ந்து வியர்த்து, நிலையத்துக்கு வெளியே வந்ததும் அந்த வியர்வையில் குளிர்காற்று பட்டு, மூன்றாம் நாளே சளி பிடித்துப் படுத்தேன். ஒரே கனத்த உடையை நம்புவதைவிட, கழற்றவும் போடவும் வசதியான மூன்று மெல்லிய அடுக்குகளே மேல். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் இலேசான மேலுடை. டோக்கியோவின் ஜனவரிக்கு இது போதும்; பகலில் 10 டிகிரி, அதிகாலையில் 1 அல்லது 2 டிகிரி என்பதே அங்கு வழக்கமான அளவு. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலே போர்வையைத் தேடுகிற நமக்கு அது பெரிய குளிர்தான் என்றாலும், கொடைக்கானலில் டிசம்பர் இரவைக் கழித்தவர்கள் சமாளித்துவிடலாம். தெர்மல் உள்ளாடையை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே யூனிக்ளோ என்ற துணிக்கடைகளில் ஹீட்டெக் என்ற பெயரில் எல்லா அளவுகளிலும் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்கு ஒரு செட் கையில் இருந்தால் சரி.

அந்த ஒரு செட்டும் மேலுடையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். திருச்சியில் ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறி, விடியற்காலையில் டோக்கியோவுக்கான நரிட்டா விமான நிலையத்தில் இறங்குகிறவர் ஓர் இரவுக்குள் 30 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குப் போகிறார். குளிருடையை எல்லாம் சரக்கில் போட்டுவிட்டு, பெட்டி தாமதமானால் வேட்டி சட்டையோடு நிற்க நேரும்.

குளிர்காலத்தைப் பற்றி இன்னொன்றைப் புரிந்துகொள்வது நல்லது. நமக்கு அது எளிதாகவே விளங்கும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கொட்டுவது வடகிழக்குப் பருவக்காற்று. அதே மாதிரி, சைபீரியாவிலிருந்து புறப்படும் உறைகாற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு, நாட்டின் நடுவே முதுகெலும்பாக நிற்கும் மலைகளில் மோதி, மேற்குப் பக்கத்தில் பனியாகக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே டோக்கியோவுக்கு வரும்போது வானம் பளிச்சென்று இருக்கும், காற்று வறண்டிருக்கும். டோக்கியோவில் ஷின்கான்சென் அதிவேக ரயிலேறி ஒன்றேகால் மணி நேரம் போனால், மலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் எச்சிகோ யுசாவாவில் ஆள் உயரப் பனி கிடக்கக் காணலாம். ஆகவே டோக்கியோ, கியோட்டோ, ஓசாகா மட்டும் போகிறவர் பனிக்காலணி சுமக்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாஸ்லின். கனசாவா, நீகாத்தா, சப்போரோ போகிறவர் முதலில் காலைத்தான் கவனிக்க வேண்டும். மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடித் தரை மாதிரி வழுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் எண்ணெய் சிந்தியது போல என்று சொன்னால் நம் ஊரார்க்குப் புரியும். நீர் புகாத, அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட காலணி தேவை. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை சப்போரோவிலேயே விற்கிறது. நடக்கும்போது எட்டி எட்டி வைக்காமல், முழுப் பாதத்தையும் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும்.

குளிருக்கென்று ஜப்பானியர் கண்டுவைத்திருக்கும் சின்னப் பொருள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கைரோ என்பார்கள். உள்ளங்கை அளவுப் பொட்டலம். உள்ளே இரும்புத்தூளும் கரியும் உப்பும் இருக்கும். மேலுறையைக் கிழித்துக் காற்றுப் படவிட்டால் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், அந்தத் துருவின் சூடுதான் பல மணி நேரம் வருகிறது. சட்டைப்பையில் வைத்துக்கொள்வது ஒரு வகை, பின்புறம் பசை தடவிய ஒட்டும் வகை மற்றொன்று. ஒட்டும் வகையை உள்சட்டையின் வெளிப்புறத்தில், இடுப்புக்குச் சற்று மேலே முதுகுப் பக்கம் ஒட்டினால் உடம்பு முழுவதும் சூடு பரவும். தோலில் நேராக ஒட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டு தூங்கவும் கூடாது, மிதமான சூடே நெடுநேரம் ஓரிடத்தில் பட்டால் புண்ணாகிவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் காலுக்கான கைரோவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சேலை கட்டும் பெண்கள் குளிருக்காகச் சுடிதாருக்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்பாவாடைக்குள் தெர்மல் காலுடையும், ரவிக்கைக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டரும் போட்டால் சேலையே ஓர் அடுக்காகிவிடும். சிக்கல் காலில்தான் வரும். சாதாரணக் காலுறைக்குள் மெட்டி உறுத்தும். பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும் தபி என்ற காலுறை அங்கே மலிவாகக் கிடைக்கிறது. வார் செருப்போடும் அது பொருந்தும். வீட்டிலும் கோயிலிலும் சில உணவகங்களிலும் செருப்பைக் கழற்றியே நுழைய வேண்டும் என்பதால், ஆணோ பெண்ணோ, கிழியாத காலுறை நான்கைந்து ஜோடி கட்டாயம். தலைக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோகிறவர்கள் வாயகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் எண்ணெய் கட்டியாகி, குறுகிய வாய்ப் புட்டியிலிருந்து வெளியே வராது.

நம்மவர்கள் பெரும்பாலும் போவது பள்ளி விடுமுறையில், ஏப்ரல், மே மாதங்களில். பங்குனி வெயிலில் உட்கார்ந்து பெட்டி கட்டும்போது கை தானாகப் பருத்தியையே எடுக்கும். அங்கே பங்குனி இன்னும் குளிர். டோக்கியோவில் செர்ரி மலரும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்க நாள்களில், பகலில் இதமாக இருந்தாலும் பொழுது சாய்ந்ததும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவது உண்டு. பூப்பூக்கும் காலத்தில் திரும்பி வரும் இந்தக் குளிருக்கு 'ஹனபியே', பூக்குளிர், என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். போருக்குப் பின் மலைகளெங்கும் நட்டு வளர்த்த சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்றில் பறப்பதால், தும்மலும் கண் அரிப்பும் உள்ளவர்கள் முகக்கவசமும் வழக்கமான ஒவ்வாமை மாத்திரையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாத்திரை அட்டையைப் படித்துப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த சளி மருந்துகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. மே மாதம் எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த மாதம். 15 முதல் 24 டிகிரி வரை இருக்கும், நம் கண்டாங்கிச் சேலைக்கு ஏற்ற காலம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான தொடர் விடுமுறையில் மட்டும் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது அரிது. மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் மலையேறிவிடாதீர்கள். பனிச்சுவர் பார்க்கத் தத்தேயாமா மலையின் முரோதோவுக்குப் போனால் உயரம் 2,450 மீட்டர், கொடைக்கானலைவிட மேலே.

ஆனி பிறக்கும்போது அங்கே 'ட்சுயு' என்ற மழைக்காலம் தொடங்கும். ஒகினாவாவில் மே மாதத்திலேயே ஆரம்பித்து, டோக்கியோ பக்கம் ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடு வரை நீடிக்கும். ஹொக்கைடோவில் இந்த மழைக்காலம் இல்லை. வடக்கேயிருந்து வரும் குளிர்ந்த ஈரக்காற்றும் தெற்கேயிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்றும் ஒன்றையொன்று தள்ளமுடியாமல் நடுவில் நிற்பதால் வரும் மழை இது. நம் ஊர் மழை போலக் கொட்டிவிட்டு வெறிக்காது. நாள் கணக்கில் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், ஒருசில நாள் கொட்டவும் செய்யும். குடையை இங்கிருந்து சுமக்காதீர்கள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஈரக் குடையைக் கடைக்குள் விரித்தபடியோ சொட்டச் சொட்டவோ கொண்டுபோகாமல், வாசலில் இருக்கும் குடைத் தாங்கியில் செருக வேண்டும், அல்லது அங்கேயே வைத்திருக்கும் நீண்ட பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். இந்த மாதத்தில் கண்டாங்கி வேண்டாம். அழுத்தமான பருத்தி துவைத்தால் இரண்டு நாள் ஆனாலும் காயாது. சீக்கிரம் உலரும் உடைகளை எடுத்துக்கொண்டு, காயாதவற்றை நாணயம் போட்டு இயக்கும் சலவைக் கூடத்து உலர்த்தியில் போடுவதே வழி. நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவைத்தால் காலைக்குள் ஈரம் இறங்கும். பிள்ளைகளுக்கென்று கொண்டுபோகும் தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரே நாளில் நமுத்துவிடும் என்பதால், பெரிய டின்னில் போடாமல் ஒரு வேளைக்கான அளவில் சிறு சிறு பொட்டலமாக ஒட்டிக்கொண்டு போவது நல்லது. உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம். அரசுச் சான்றிதழ் இல்லாத இறைச்சியை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் போகிறவர்களிடம்தான் நான் அதிகம் வாதாடியிருக்கிறேன். "கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு ஜப்பான் வெயில் எம்மாத்திரம்?" என்பார்கள். நம் வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில். வியர்வை உலர்ந்து உடம்பு ஆறும், வளவுக்குள் வந்து தூணில் சாய்ந்தால் காற்று வரும். கியோட்டோவின் 35 டிகிரி ஈரம் நிறைந்தது. வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் பல. 2025 ஆகஸ்டில் குன்மா மாகாணத்து இசெசாகியில் 41.8 டிகிரி பதிவானது. இத்தகைய நாளில் சுற்றிப் பார்ப்பதைக் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் சூரியன் நாலரை மணி வாக்கிலேயே உதித்துவிடுவதால் அது முடியும். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் சேர வேண்டும்; தெருவுக்குத் தெரு நிற்கும் தானியங்கிகளில் உப்புச்சத்துள்ள பானம் கிடைக்கும். தோளில் போடும் துண்டு ஒன்று கட்டாயம். பல பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கத் தாள் இருக்காது. அங்கத்தியவர்களே கைக்குட்டையோ 'தெனுகுயி' என்ற பருத்தித் துண்டோ கையோடு வைத்திருக்கிறார்கள். நம் ஈரிழைத் துண்டு இரண்டு வேலையையும் செய்யும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரும். ஆண்டுக்குச் சராசரியாக 25 புயல்கள் வடமேற்குப் பசிபிக் கடலில் உருவாகி, அவற்றில் மூன்று போல ஜப்பானில் கரை கடக்கின்றன. பெரிய புயலுக்கு முன்பே ரயில்களை நிறுத்தப்போவதாக அறிவித்துவிடுவார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே அந்த நகரத்துக்கு வந்துசேர்ந்துவிட வேண்டும், இரண்டு நாளுக்கு வேண்டிய மருந்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்றில் பிளாஸ்டிக் குடை மடங்கி முறியும், ரெயின்கோட்டுதான் உதவும்.

இலையுதிர் காலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியோட்டோவில் மேப்பிள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து, அதாவது நம் கார்த்திகையில். மே மாதப் பெட்டியோடு ஒரு தெர்மல் செட்டைச் சேர்த்தால் ஆயிற்று. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரே பயணத்தில் டோக்கியோவும் சப்போரோவும் போகிறவர்கள், குளிருடைப் பெட்டியை விடுதியிலிருந்தே அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடலாம். 'தக்கியூபின்' என்ற இந்தச் சேவையில் பல ஊர்களுக்கு மறுநாளே பெட்டி போய்ச் சேரும், சப்போரோ போன்ற தொலைவான ஊருக்கு ஒரு நாள் கூடக் கொடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி கொண்ட பிளக். நம் ஊர் இஸ்திரிப் பெட்டி அதில் சரியாகச் சூடேறாது.

கோட்டு வாங்கச் சென்னைக்குப் புறப்படுமுன், பங்காளி வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெளிநாடு போய் வந்தவர்களின் கோட்டுகள் எத்தனையோ பெட்டகங்களில் ரசகற்பூரம் போட்டுக் கிடக்கின்றன. நான் வாங்கிய அந்தக் கனத்த கோட்டே இதுவரை எங்கள் தெருக்காரர் மூன்று பேரோடு சப்போரோ போய் வந்துவிட்டது. வாங்கி வந்தால் ஜிப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, முற்றத்து வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயப்போடுங்கள். ரசகற்பூர வாடையோடு விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரைச் சோதிக்க வேண்டாம்.