ஏர் ரைஃபிளுக்குப் பாகம் வாங்கும் முன்: எது பொருந்தும், எதில் கை வைக்கக் கூடாது

பெங்களூரில் பத்து மீட்டர் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்த சில மாதங்களிலேயே துப்பாக்கியில் எதையாவது மாற்றினால் புள்ளி ஏறும் என்ற எண்ணம் வந்துவிடும். ஏறத்தான் செய்யும். ஆனால் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிற குழல், வால்வு, ஸ்பிரிங் ஆகியவற்றை கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுங்கள். உடம்பில் படுகிற, கண்ணுக்கு நேரே வருகிற பாகங்களில்தான் காசைப் போட வேண்டும். சட்டமும் ஏறக்குறைய அதே கோட்டைத்தான் போடுகிறது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள் துளை 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், முகப்பு ஆற்றல் (குழல் வாயை விட்டு வரும்போது பெல்லட்டுக்கு உள்ள ஆற்றல்) 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பைக்குள் ஒரு நகலும் இருக்கட்டும். 5.5 மி.மீ. துளை என்றால் ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உரிமம் வேண்டும். பெங்களூரில் அதற்கு மாநகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

20 ஜூல் என்பதைக் கணக்காகப் பாருங்கள். போட்டியில் பயன்படும் 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டரில் போனால் 7.7 ஜூல் வரும். அதே பெல்லட்டுக்கு 20 ஜூல் எல்லை நொடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகம். 0.67 கிராம் பெல்லட் என்றால் நொடிக்கு 244 மீட்டரிலேயே எல்லை வந்துவிடும். பத்து மீட்டருக்கு இந்த வேகம் தேவையே இல்லை. ஸ்பிரிங்கை மாற்றி எல்லையைத் தாண்டினால், உரிமம் வேண்டாத வகையிலிருந்து உரிமம் வேண்டிய வகைக்கு ஆயுதத்தை நீங்களே மாற்றியதாக ஆகும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு இதையும் தடுக்கிறது. குழலைக் குட்டையாக வெட்டுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. சத்தம் குறைக்கும் குழாயையும் சட்டம் துப்பாக்கி என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே பீன்யா லேத் பட்டறையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து "இதைக் கடைந்து கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, கடைந்து கொடுக்கிறவருக்கும் வழக்கு வரும்.

இனி பொருத்தம். முதலில் ரெயிலை, அதாவது சைட்டோ ஸ்கோப்போ பொருத்தும் மேல் தண்டவாளத்தை அளந்து பாருங்கள். போட்டி ரைஃபிள்களில் 11 மி.மீ. புறாவால் (டவ்டெயில்) ரெயில் இருக்கும். டயாப்டர் என்கிற, சிறு துளை வழியாகப் பார்க்கும் பின் சைட் அதற்கென்றே செய்தது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் மவுண்ட்கள் பல 21 மி.மீ. அகல ரெயிலுக்கானவை, இதில் பிடிக்காது. முன் சைட்டின் வளையம் 18 மி.மீ.யா 22 மி.மீ.யா என்று தெரியாமல் அதற்குள் போடும் இன்சர்ட் (குறி வளையம்) வாங்கக் கூடாது. முன் சைட்டைக் கட்டை வைத்து உயர்த்தினால் பின் சைட்டையும் அதே அளவு உயர்த்துங்கள். இல்லையென்றால் சைட்டைத் திருகிச் சரிசெய்யும் கிளிக் தீர்ந்தும் பெல்லட் நடுவுக்கு வராது. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்கோப் போடுகிறவர்கள் ஏர் ரைஃபிளுக்கென்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும். ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதைப்பதால் சாதாரண ஸ்கோப்பின் உள் கண்ணாடி கழன்றுவிடும்.

ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டைப் பகுதியில்) கன்னம் பதியும் கன்னக்கட்டைதான் முக்கியம். கண்ணை மூடி, கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் துளை நடுவில் தெரிய வேண்டும். தலையை ஒரு நூல் அசைத்துத் தேட வேண்டியிருந்தால் கட்டையின் உயரம் தப்பு. எல்லாம் சேர்ந்து எடை 5.5 கிலோவைத் தாண்டினால் போட்டிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பிரிங் இல்லாமல் அழுத்திய காற்றால் சுடும் ரைஃபிளில், காற்று சிலிண்டரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடக் கூடாது. மரை பிடித்தாலும் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் இடம் வேறாக இருக்கும். சிலிண்டர் மேல் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருடம் கடந்ததைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அளவு பொருந்துகிறதே என்று 70 கடினத்தன்மை (ஷோர்) ஓ-ரிங்கை வாங்கினால், 200 பார் அழுத்தத்தில் அது இடுக்கில் பிதுங்கி ஓரம் கிழிந்து வரும். 90 என்று கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். மெஷின் எண்ணெய் அந்த அழுத்தத்தில் தீப்பிடித்து வெடிக்கக்கூடும்.

கடைசியாக பெல்லட். தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என மூன்றையும் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, அளவை மாற்றும்போதெல்லாம் முதல் பத்தைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த பத்தை ஒரே தாளில் சுடுங்கள். பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. என்பதால், எந்த அளவு கிழிசலைச் சிறிய ஒற்றைத் துளையாக்குகிறதோ அதுதான் உங்கள் குழலுக்கு ஏற்றது. அந்த டப்பாவின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துவைத்து, அதே எண்ணில் இன்னும் ஐந்தாறு டப்பா வாங்கிவிடுங்கள்.